கடைக் கணினியில் பிறர் ஆவணம் தங்கக் கூடாது

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்ப வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் பழசு: இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது என்று வருகிறது. எச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ், எப்சன் எல்3110 என இரண்டு பிரிண்டர். கணக்குக்கு டேலியும் பக்க அமைப்புக்குப் பேஜ்மேக்கரும் இல்லாமல் முடியாது. தமிழ் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பேன். பாமினி, வானவில் ஃபான்ட்டில் பல வருட ஃபைல்கள் இருக்கின்றன. போன மாதம் ஒரு வாடிக்கையாளர், தன் ஆதார் என் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தேடினால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதார், பட்டா, மார்க் ஷீட். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறினால் இது சரியாகுமா? எப்படி மாறுவது?

பதில்: மாறினால் மட்டும் சரியாகாது. லினக்ஸ் போட்டுவிட்டு இப்போது செய்கிறபடியே செய்தால், அடுத்த வருடம் அதே ஆதார் பிரதிகள் லினக்ஸின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். ஆனால் உங்கள் கடைக்கென்றே செய்தது போன்ற ஒரு வசதி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் வேலைக்குத் தனியாக ஒரு விருந்தினர் கணக்கைத் திறக்கலாம். அதிலிருந்து வெளியேறிய அடுத்த நொடி, அதில் இறக்கியது, ஸ்கேன் செய்தது, பிரவுசரில் நுழைந்தது எல்லாம் தானே அழிந்துவிடும். கீழே சொல்வது எல்லாம் அந்த வசதியை நடுவில் வைத்துச் சொல்வதுதான்.

முதலில் கணினி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். உங்கள் எச்81 போர்டில் அதற்கு வழியில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் இருப்பார்கள். தொழில் நடக்கும் கணினியில் அதைச் செய்ய வேண்டாம். அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

வாங்க வேண்டியவை இரண்டு: 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்) ஒன்று, 4 ஜிபி டிடிஆர்3 1600 டெஸ்க்டாப் ராம் ஒன்று. ராமை வாங்கும்போது டிடிஆர்4 கொடுத்துவிடுவார்கள், அது உங்கள் போர்டில் நுழையாது. பழைய ராமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். எச்81 போர்டின் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டு மட்டுமே விநாடிக்கு 6 ஜிகாபிட் வேகம் கொண்டவை, மற்ற இரண்டு 3 ஜிகாபிட். போர்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டியை வேகமானதில் செருகுங்கள். ராம் ஏன் 8 ஜிபி ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் விருந்தினர் கணக்கில் வரும்.

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டாம். அதில் விண்டோஸ், டேலி, பேஜ்மேக்கர் அப்படியே இருக்கட்டும். லினக்ஸ் முழுக்கப் புதிய எஸ்எஸ்டியில். நிறுவும் நேரத்தில் மட்டும் பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைப் பிடுங்கி வையுங்கள். இரண்டையும் ஒரே டிஸ்க்கில் பாகம் பிரித்துப் போடும்போதுதான் ஒரு தவறான கிளிக்கில் பல வருட வேலை போய்விடுகிறது. கேபிள் செருகியிராத டிஸ்க்கை இன்ஸ்டாலரால் அழிக்க முடியாது. கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரும் ஒன்றோடொன்று கலக்காது. நிறுவி முடித்ததும் கேபிளைத் திரும்பச் செருகி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எஸ்எஸ்டியை முதல் டிஸ்க்காக வைத்துவிடுங்கள். டேலி வேண்டும்போது கணினியை ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டினால் போதும்: ஜிகாபைட் போர்டுகளில் எஃப்12, ஏசூஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11.

கேபிளைப் பிடுங்குமுன் விண்டோஸில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடாது, அரைத்தூக்கத்தில் நிற்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. ‘டிஸ்க் கெட்டுவிட்டது’ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

இறக்க வேண்டியது லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் சின்னமன் பதிப்பு. இந்த வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இன்னும் இலகுவானதுதான். 4 ஜிபியோடு பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே ஓட்டுவதாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி. இறங்கியதும், ஃபைல் கெடாமல் வந்ததா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபாருங்கள்: 7-ஜிப் நிறுவியிருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256ஐத் தேர்ந்தெடுக்க, நீண்ட எண் வரும். மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி இறக்குங்கள். பாதியில் கெட்ட ஐஎஸ்ஓவை எழுதினால் இன்ஸ்டாலர் நடுவில் நின்று உங்கள் நாளைக் கெடுக்கும். பிறகு ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் நிறுவாமலேயே மின்ட் திரை வரும். உடனே நிறுவும் பொத்தானை அழுத்தாதீர்கள். நெட் வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கீழே சொல்கிறபடி டிரைவர் சேர்த்தபின் இரண்டு பிரிண்டரும் ஒரு பக்கமாவது அடிக்கிறதா, ஸ்கேன் ஆகிறதா என்று இந்த நிலையிலேயே பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒன்று அடம்பிடித்தால் எதையும் இழக்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.

நிறுவும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்’ பொத்தானை அழுத்தி, எல்விஎம் (டிஸ்க் பாகங்களைக் கவனிக்கும் முறை), அதன் கீழே என்கிரிப்ஷன் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) இரண்டையும் டிக் செய்யுங்கள். இதை இப்போது விட்டால் பின்னால் முழு டிஸ்க்கையும் பூட்ட மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டும். கணினி ரிப்பேருக்குப் போகும்போதும், திருடுபோனாலும், எஸ்எஸ்டியை மாற்றிப் பழையதைக் கொடுக்கும்போதும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றுதான் காப்பு. கடவுச்சொல்லைத் தமிழ்ச் சொற்கள் நான்கைந்தை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள். தமிழ் எழுத்திலேயே வைக்க வேண்டாம்: பூட் ஆகும் நேரத்தில் தமிழ் உள்ளீட்டு மென்பொருள் இயங்காது, நீங்களே உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். மறந்தால் மீட்க வழி கிடையாது, கம்பெனிக்குப் போன் செய்து வாங்க முடியாது. ஒரு தாளில் எழுதி வீட்டில் பீரோவில் வையுங்கள், கடை மேஜை டிராயரில் அல்ல.

இனி கணக்குகள். உங்களுக்கு ஒன்று, நிர்வாக அனுமதியோடு. கடையில் உதவியாளர் இருந்தால் அவருக்கு ‘ஸ்டாண்டர்டு’ வகைக் கணக்கு ஒன்று. மூன்றாவது, விருந்தினர். மெனுவில் ‘லாகின் விண்டோ’ என்று தேடித் திறந்து, ‘யூசர்ஸ்’ பகுதியில் ‘அலோ கெஸ்ட் செஷன்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் நுழைவுத் திரையில் ‘கெஸ்ட்’ என்று ஒரு பெயர் சேர்ந்திருக்கும், கடவுச்சொல் கேட்காது.

அதற்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கெஸ்ட் நுழையும்போது ஒரு தற்காலிக ஹோம் ஃபோல்டர் ராமுக்குள்ளேயே உருவாகிறது. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ஃபயர்பாக்ஸின் குக்கி, எல்லாம் அங்கேதான் எழுதப்படும். லாக் அவுட் செய்தால் அந்த ஃபோல்டர் மொத்தமும் போய்விடும். மின்சாரம் போனாலும் போய்விடும். எனவே நிரப்பிய விண்ணப்பத்தின் பிடிஎஃப் வாடிக்கையாளருக்கு வேண்டுமென்றால் லாக் அவுட் செய்யுமுன் அவர் பென் டிரைவிலோ அவர் மெயிலிலோ சேர்த்துவிட வேண்டும். ராமைப் பயன்படுத்துவதால்தான் 8 ஜிபி கேட்டேன். 600 டிபிஐயில் இருபது பக்கம் கலர் ஸ்கேன் எடுத்தால் 4 ஜிபி கணினி திணறும். விண்ணப்பங்களுக்கு 200 டிபிஐ போதும், பெரும்பாலான தளங்கள் கேட்கும் கேபி வரம்புக்குள் அடக்கவும் அதுவே எளிது.

ஆன் செய்ததோடு நிறுத்தாமல் சோதியுங்கள். உங்கள் கணக்கில் உங்கள் ஹோம் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘பெர்மிஷன்ஸ்’. ‘அதர்ஸ்’ என்ற வரியில் ‘நன்’ என்று இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மாற்றுங்கள். உதவியாளர் கணக்கிலும் அதையே செய்யுங்கள். பிறகு கெஸ்ட்டாக நுழைந்து, ஃபைல் மேனேஜரில் மேலே ஏறி உங்கள் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அனுமதியில்லை என்று சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலை வைத்து லாக் அவுட் செய்து மறுபடி நுழையுங்கள். அது இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக நடந்தால்தான் வாடிக்கையாளரை உட்கார வையுங்கள். ஒவ்வொருவர் முடிந்ததும் ‘லாக் அவுட்’ கொடுக்க வேண்டும். ‘ஸ்விட்ச் யூசர்’ கொடுத்தால் அந்தக் கணக்கு பின்னால் திறந்தபடியே இருக்கும், எதுவும் அழியாது. கடை நெரிசலில் இந்தத் தவறுதான் நடக்கும்.

பிரிண்ட் எடுப்பதிலும் ஒரு மிச்சம் தங்குகிறது. லினக்ஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருள், அடித்து முடித்த ஆவணத்தையும் ஒரு நாள் வரை தன் கிடங்கில் வைத்திருக்கும், மறுபடி அடிக்க வசதியாக. விருந்தினர் வெளியேறினாலும் அது அழியாது. ஃபயர்பாக்ஸ் முகவரிப் பெட்டியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு 631 சேர்த்து என்டர் தட்டுங்கள். ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ என்பதை விரித்தால் ‘ரீடெய்ன் டாக்குமெண்ட்ஸ்’ என்ற கட்டம் வரும். அதில் ‘நோ’ என்று போட்டுச் சேமியுங்கள். உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இதன் பிறகு பேப்பர் சிக்கினால் ஃபைலைத் திறந்து மறுபடி பிரிண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கடைக்கு அது தகும்.

உங்கள் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளர் ஃபைலைத் திறக்காமல் இருக்க முடியாத வேலைகள் வரும். தமிழில் மனு அடிப்பது அப்படித்தான். அங்கே இரண்டு இடத்தைக் கவனியுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ என்பதைத் திறந்து, அண்மையில் திறந்த ஃபைல்களை நினைவில் வைப்பதை அணையுங்கள். அடுத்து ஃபைல் மேனேஜரின் ‘பிரிஃபரன்சஸ்’, ‘பிரிவ்யூ’ பகுதியில் தம்ப்நெயில் காட்டுவதை ‘நெவர்’ ஆக்குங்கள். ஆதார் படத்தை அழித்த பிறகும் அதன் சின்னஞ்சிறு உருவம் மறைவான கேஷ் ஃபோல்டரில் தங்கிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அழிக்கும்போது ஷிஃப்ட்டோடு டெலீட்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆவணங்களுக்கு லினக்ஸால் உதவ முடியாது; அவை உங்கள் போனில் இருக்கின்றன. கடை எண்ணின் வாட்ஸ்அப்பில் பிரைவசி அமைப்பில் ‘டிஃபால்ட் மெசேஜ் டைமர்’ என்பதை 24 மணி நேரமாக வையுங்கள். இனிப் புதிதாகத் தொடங்கும் உரையாடல்களில் வந்தவை தானே மறையும். கேலரியில் படங்கள் தானாகச் சேர்வதை நிறுத்துங்கள். இதைவிட நல்ல வழி, வாடிக்கையாளரே கெஸ்ட் கணக்கில் வாட்ஸ்அப் வெப் திறந்து தன் போனால் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து தன் ஃபைலை எடுத்துக்கொள்வது. முடிந்ததும் அவர் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலிலிருந்து அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.

ஆதாருக்கென்று தனியாக ஒன்று. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், பிரவுசிங் சென்டர் கணினியில் இ-ஆதார் இறக்குவதைத் தவிருங்கள், இறக்கினால் எல்லாப் பிரதியையும் நிரந்தரமாக அழியுங்கள் என்று ஓர் அறிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிக்கை போனாலும் அறிவுரை சரியானதே. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, வாங்கிய நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்கச் சொல்கிறது. இ-ஆதார் பிடிஎஃப்பில்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்: பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. ஃபைல் பெயரே ஆளின் பெயராக இருந்தால் ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கும் வசதி ஆதார் தளத்திலேயே உண்டு. கேட்கும் இடம் ஏற்றுக்கொள்ளுமானால் அதையே அடித்துக் கொடுங்கள்.

பென் டிரைவ் விஷயத்தில் விண்டோஸ் பழக்கம் ஒன்றைக் கைவிட வேண்டும். லினக்ஸ் காப்பி செய்யும்போது முதலில் ராமுக்கு எடுத்துக்கொண்டு, பிறகு மெதுவாகப் பென் டிரைவில் எழுதும். காப்பி முடிந்தது என்று பட்டை மறைந்தாலும் எழுதி முடிந்திருக்காது. அப்போது பிடுங்கினால் வீட்டுக்குப் போனவருக்குத் திறக்காத ஃபைல்தான் கிடைக்கும். ‘இஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று செய்தி வந்த பிறகே எடுங்கள். இதில் ஒரு நன்மையும் உண்டு: வைரஸால் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட் மட்டும் தெரியும் பென் டிரைவுகளில், மறைந்த ஃபோல்டர்கள் லினக்ஸில் சாதாரணமாகவே தெரியும். தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். வைரஸ் உங்கள் லினக்ஸில் ஓடாது, ஆனால் அந்தப் பென் டிரைவில் அப்படியே இருக்கும் என்பதை உரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரிண்டர்களுக்கு வருவோம். 1020 பிளஸுக்குள் தன் இயக்க மென்பொருள் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜரில் எச்பிலிப் ஜியுஐ என்பதை நிறுவி, ‘எச்பி டூல்பாக்ஸ்’ வழியாகப் பிரிண்டரைச் சேருங்கள். நடுவில் எச்பியின் பிளகினை இறக்க அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். அது திறமூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்தது) அல்ல, ஆனாலும் அது இல்லாமல் இந்தப் பிரிண்டர் இயங்காது. பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்ட்டை அடுத்த வரிசைக்கு உயர்த்திய பிறகு பிரிண்டர் ஊமையானால் பிளகினை மறுபடி நிறுவுங்கள். கரண்ட் போய் வந்த பின் பிரிண்ட் போனதாகக் காட்டி ஒன்றும் வராவிட்டால், யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். இயக்க மென்பொருள் மறுபடி இறங்கும். எல்3110க்கு எப்சனின் இஎஸ்சிபிஆர் டிரைவர் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே இருக்கிறது. ஸ்கேனுக்கு எப்சன் தளத்தில் கிடைக்கும் ‘எப்சன் ஸ்கேன் 2’இன் லினக்ஸ் பதிப்பை நிறுவுங்கள். உங்களிடம் கேனன் எல்பிபி2900 இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். நம் ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் அந்தப் பிரிண்டர் கேனனுக்கே உரிய கேப்ட் மொழியில் பேசுகிறது, அதன் லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது. அதை வைத்திருப்பவர்கள் நிறுவுமுன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து அடித்துப் பார்க்காமல் மாற வேண்டாம்.

தமிழ் தட்டச்சுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவுங்கள். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள்; இதைச் செய்யாமல் ‘வேலை செய்யவில்லை’ என்பவர்களே அதிகம். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழின் கீழே டைப்ரைட்டர், தமிழ்99, ஃபொனட்டிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ் விசைப்பலகைகள் தெரியும், அவற்றைச் சேர்க்காதீர்கள். ஒரு விசைக்கு ஒரு குறியைத் தருவதோடு அவை நின்றுவிடும், முன்னால் என்ன எழுத்து அடித்தீர்கள் என்று பார்க்காது.

டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்ததும் ‘கொடு’ என்று அடித்துப் பாருங்கள். பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து, பிறகு ககரம், பிறகு கால். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் ககரம்தான் முதலில் சேமிக்கப்பட வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னால் வரும். இந்த வரிசை மாற்றத்தை உள்ளீட்டு மென்பொருள் செய்து தர வேண்டும். புள்ளி வட்டத்தோடு கொம்பு தனியாக நின்றால் தவறான விசைப்பலகையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் புதிதாகத் தட்டச்சு பழகுபவர் இருந்தால் அவரைத் தமிழ்99இல் தொடங்கச் சொல்லுங்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு; முதல் மகரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

பாமினி, வானவில் ஃபைல்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை. அந்த ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்தவை. ஃபான்ட் இல்லாவிட்டால் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள ஃபான்ட் ஃபைல்களை இரட்டைக் கிளிக் செய்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் ஆஃபிஸ் மென்பொருளான லிப்ரெஆஃபிஸில் சரியாகத் தெரியும். அடிக்கடி திருத்திப் பயன்படுத்தும் மனு மாதிரிகளை மட்டும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் மாற்றப் புகுந்தால் முடியாது. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் பல உண்டு. பயன்படுத்துமுன் பக்கத்தைத் திறந்து வைத்து, நெட்டைத் துண்டித்துவிட்டு ஒரு மாதிரி வரியை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாற்றினால் வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. மாற்றாவிட்டால் நீங்கள் ஒட்டும் மனு வேறெங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. வாடிக்கையாளர் பெயரும் சர்வே எண்ணும் உள்ளதை அதில் ஒட்ட வேண்டாம்.

அரசு மனுக்களுக்கு டிஏயூ-மருதம் ஃபான்ட்டை நிறுவிக்கொள்ளுங்கள், தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தருகிறது. வெளியே அனுப்புவதை எப்போதும் பிடிஎஃப்பாக அனுப்புங்கள். லதா, நிர்மலா போன்றவை மைக்ரோசாஃப்ட்டின் ஃபான்ட்டுகள், மின்டில் இருக்காது. அவற்றில் அமைத்த வேர்டு ஃபைலின் பக்க அளவு மாறக்கூடும். பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரெஆஃபிஸ் டிரா திறக்கும், ஆனால் பத்திரிகை அமைப்பெல்லாம் இடம் பெயர்ந்திருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பேஜ்மேக்கரிலேயே விடுங்கள், புதியதை லினக்ஸில் ஓடும் வடிவமைப்பு மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பிலோ ஸ்கிரைபஸிலோ தொடங்குங்கள். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் ஒயினில் ஓட்டலாம் என்பார்கள். உரிமச் சிக்கல் வந்து ஜிஎஸ்டி கடைசித் தேதியில் நிற்பதைவிட விண்டோஸில் பூட் செய்வது மேல். அந்த விண்டோஸில் பிரவுசிங், மெயில், வாடிக்கையாளர் பென் டிரைவ் எதுவும் வேண்டாம்.

உங்கள் கணக்கின் ஃபயர்பாக்ஸில் டிராக்கிங் பாதுகாப்பை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆக்கி, விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினைச் சேருங்கள். விளம்பரத் தொல்லைக்காக மட்டும் அல்ல, ‘டவுன்லோட்’ என்று பச்சைப் பொத்தானாக வரும் போலி விளம்பரங்களுக்காகவும்தான். சில அரசுத் தளங்கள் ‘ஸ்ட்ரிக்ட்’டில் பாதியில் நிற்கும்; முகவரிக்குப் பக்கத்தில் உள்ள கேடயத்தைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அணையுங்கள். அப்போதும் வராவிட்டால் குரோமியம் என்ற இன்னொரு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தொழிலில் இது பரவலாக நடக்கிறது. விண்ணப்பம் போடும்போது வாடிக்கையாளருக்கு மெயில் இல்லையென்றால் கடை மெயிலையும் கடை போன் எண்ணையும் கொடுத்துவிடுவது, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைப்பது. ஹால் டிக்கெட் வரும் நாளில் அந்தப் பிள்ளை உங்கள் கடை திறக்கக் காத்திருக்க வேண்டும். நீங்கள் எண்ணை மாற்றினால் கணக்கே போயிற்று. அவர் எண்ணிலேயே பதிவு செய்து, பாஸ்வேர்டை அவர் கையால் அவர் தாளில் எழுத வையுங்கள். ஜிஎஸ்டி போல நீங்களே வைத்திருந்தாக வேண்டியவற்றுக்குக் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டக மென்பொருள் போதும். எல்லாம் ஒரே பூட்டிய ஃபைலில் இருக்கும், காப்பி செய்த பாஸ்வேர்டைப் பத்து விநாடியில் கிளிப்போர்டிலிருந்து தானே நீக்கிவிடும், இணையத்துக்கு எதையும் அனுப்பாது. அந்த ஃபைலின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் வீட்டில் வையுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிப்பதை நிறுத்திவிடுங்கள்.

பேக்கப்புக்கு டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது இயங்குதளத்தின் ஃபைல்களை மட்டுமே காக்கும், உங்கள் மனுக்களை அல்ல. 240 ஜிபியில் அதை இஷ்டத்துக்கு விட்டால் டிஸ்க்கை நிரப்பியும் விடும். தினப் பிரதி இரண்டு, வாரப் பிரதி ஒன்று போதும். உங்கள் ஆவணங்களுக்கு மின்டின் ‘பேக்கப் டூல்’ வழியாக வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

கடைசி வேலை, பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் அந்த நூற்றுக்கணக்கான ஆவணங்கள். லினக்ஸில் ஒரு வாரம் வேலை ஓடி, தேவையான ஃபைல்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்று உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள். விண்டோஸில் பூட் செய்து, டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ஸ்கேன் ஃபோல்டர், வாட்ஸ்அப் ஃபோல்டர் நான்கையும் பார்த்து அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். அழித்தாலும் தரவு டிஸ்க்கில் அப்படியே இருக்கும், இலவச மீட்பு மென்பொருளே எடுத்துவிடும். அதனால் ப்ளீச்பிட் என்ற திறமூல மென்பொருளில் ‘வைப் ஃப்ரீ ஸ்பேஸ்’ ஓட்டுங்கள். காலி இடம் முழுவதன் மேலும் வேறு எழுதி மூடிவிடும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இது நம்பகமான வழி. எஸ்எஸ்டியில் அல்ல, அது எங்கே எழுதுவது என்பதைத் தானே தீர்மானிப்பதால் பழையது எங்காவது மிஞ்சும். புதியதை முதலிலேயே என்கிரிப்ட் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம். 500 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், கடை மூடும்போது ஓடவிட்டுப் போங்கள். நடுவில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று விண்டோஸ் எச்சரித்தால் நிறுத்தாதீர்கள். காலி இடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை, முடிந்ததும் இடம் திரும்பக் கிடைக்கும்.